பயம் போன குரங்குகள்

எங்கள் கோவிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சன்னாசி அண்ணனைக் 'குரங்குக்காரர்' என்றுதான் தெரியும். பெயரைக் கேட்டால் முழிப்பார்கள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். வருடக்கணக்காக வாசலைக் கூட்டி, குகைக்குள் விளக்குத் துடைத்து, வருகிறவர்கள் கழற்றிப்போட்ட செருப்பையெல்லாம் வரிசையாக எடுத்து வைக்கிற மனிதருக்கு ஒரு பெயர் இருக்காதா? இருக்கிறது. சன்னாசி. தகப்பன் பெயர் சீனி. நான் துளசி, அந்தக் கோவில் வாசலில் பூவும் அர்ச்சனைத் தட்டும் விற்கிறவள். என் கடையிலிருந்து பார்த்தால் படிக்கட்டு முழுவதும் தெரியும். அதனால் நடந்ததை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள் நிற்கின்றனவே, அதில் ஒன்றின் அடிவாரக் குகையில்தான் எங்கள் மாரியம்மன் இருக்கிறாள். மலையில் குரங்குகள். மலை இருந்த நாள் முதலாக அவையும் இருந்திருக்கும். ஆனால் நான் கடை போட்ட புதிதில் அவை கீழே இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. மேலே மரத்தில் கிளை ஆடும், அவ்வளவுதான்.

சன்னாசி அண்ணன் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சட்டப்படி வேலைக்குப் போகிற வயது வருவதற்குள்ளேயே அம்மாவுக்கு ஒத்தாசையாக ரப்பர் பால் பிடிக்கிற மங்கு கழுவப் போய், அப்புறம் உளி பிடித்து, தோட்டம் விற்றுப்போகும் வரைக்கும் பால் மரம் வெட்டியவர். தோட்டம் தாமானாகி, குடியிருப்பாகிவிட்டது. அவர் வெட்டிய மர நிரை இருந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகளும் ஒரு கார் கழுவுகிற கடையும் இருக்கின்றன. "பாக்கப் போனீங்களாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்குமா? அங்க என்ன கொட்டியா கெடக்கு? கொசுக்கடியும் கணக்கெழுதுற கிராணிகிட்ட ஏச்சும்தான்" என்றார். தோட்டத்தை நினைத்து உருகுகிற ஆள் இல்லை அவர்.

மனைவி போய்ச் சேர்ந்தபின் மகள் ஷர்மினியோடு ஜெலாப்பாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். அவள் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா எழுந்திருக்கும்போது அவள் தூங்குவாள், அவள் எழுந்திருக்கும்போது இவர் தூங்குவார். தோட்டத்தில் தினமும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். இருக்கிறாயா இல்லையா என்று ஒருவன் கேட்பான். இங்கே அவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்க ஆளில்லை. அதனால்தான் பஸ் ஏறிக் கோவிலுக்கு வர ஆரம்பித்தார். கமிட்டி ஏதோ சம்பளம் என்று கொடுத்தது. அது கிடக்கட்டும்.

குரங்கு விஷயம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப் பூசை முடிந்த நேரம். மெலிந்த பெண் குரங்கு ஒன்று, வலது கையில் விரல் இரண்டு இல்லை, பொறியில் மாட்டியதோ என்னவோ, படிக்கட்டின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. கோவிலில் குரங்கு வந்து உட்கார்ந்தால் நம் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? "ஆஞ்சநேயர் வந்திருக்காரு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அண்ணன். "அண்ணே, அது பொட்டைக் குரங்கு" என்றேன். "ஆஞ்சநேயர் அனுப்புனது, போதுமா?" என்று சொல்லி அர்ச்சனைப் பழத்தை உரித்து நீட்டினார். அது தயங்கித் தயங்கி வந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதற்குச் செல்லாயி என்று பெயர் வைத்தார்.

மறுநாள் செல்லாயி கூட்டாளிகளோடு வந்தது. ஒரு மாதத்தில் குடும்பமே வந்தது. பூசையில் மிஞ்சின வாழைப்பழம், தேங்காய்ச் சில்லு எல்லாவற்றையும் தகர வாளியில் போட்டு, குச்சியால் அடிப்பகுதியை இரண்டு தட்டுத் தட்டுவார். மலையே இறங்கி வருகிற மாதிரி வரும். தடித்த ஆண் குரங்கு ஒன்று முன்னால் உட்கார்ந்து, முண்டியடிக்கிற குட்டிகளை அறைந்து வரிசையில் விடும். அதற்குப் பெயர் கங்காணி. சனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். குடும்பத்தோடு வந்து படம் பிடிப்பார்கள், புண்ணியம் என்று பழத்தை அள்ளி இறைப்பார்கள். கமிட்டித் தலைவர் ஜெயபாலன்கூட யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் "சன்னாசி, வாளியத் தட்டு" என்பார். இன்றைக்கு எல்லாரும் எனக்கென்ன தெரியும் என்கிறார்கள்.

அண்ணனுக்கு அந்த நேரம்தான் நேரம். காய்ச்சலாகக் கிடந்த ஒரு வாரத்தில்கூட ஷர்மினியை நச்சரித்து மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்து வாளியைத் தட்டிவிட்டுப் போனார். "ஏண்ணே இந்தப் பாடு?" என்றால், "காத்துக்கிட்டு இருக்கும்லா" என்பார். அவருக்காக யாரோ காத்திருக்கிறார்கள். அதுதான் அவருக்கு எல்லாம்.

போன வருடம் பாகான் டத்தோவிலிருந்து ஒரு குடும்பம் குழந்தைக்கு மொட்டை போட வந்தது. குழந்தையின் அக்காள், நான்கு வயதிருக்கும், கையில் பிஸ்கட் பொட்டலம் வைத்திருந்தாள். கங்காணி நேரே அவளிடம் போனது. அவள் கொடுக்கவில்லை. அது கையைக் கடித்துவிட்டுப் பொட்டலத்தோடு போய்விட்டது. ஐயோ, அந்தப் பிள்ளை அலறின அலறல்! ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தகப்பன் திரும்பி வந்து கோவில் வாசலில் நின்று கத்தினான். அவன் கத்தினதில் ஒரு தப்பும் இல்லை.

புகார் போய், விலங்கு இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு பெண். கௌசிகா என்று பெயர். மிருக டாக்டருக்குப் படித்தவள். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். பேச்சில் 'விளங்குதா, விளங்குதா' என்று வந்துகொண்டே இருக்கும். காக்கிச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு என் கடையில் கனகாம்பரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அதில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அடுத்து அவள் சொன்னதில் பிடிக்காமலும் போனது.

கோவில் மண்டபத்தில் கமிட்டியைக் கூட்டிவைத்து அவள் சொன்னாள்: "இந்தக் குரங்குகள் ஹாபிச்சுவேட் ஆகிட்டுது. கூண்டு வச்சுப் பிடிக்கத்தான் வேணும்."

"பிடிச்சு எங்க விடுவீங்க?" என்று அண்ணன் கடைசி வரிசையிலிருந்து கேட்டார்.

அவள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள். "விட ஏலாது அங்கிள். எந்தக் காட்டுல விட்டாலும் வீடு தேடித்தான் வரும். ஊசி போட்டு முடிச்சிடுவம்."

ஜெயபாலன் தொண்டையைச் செருமி, "பொதுமக்கள் பாதுகாப்பு முக்கியம்" என்று ஆரம்பித்தார். வாளியைத் தட்டு என்று சொன்ன அதே வாய்! எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வெளியே போய்விட்டேன்.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் அவளை விடவில்லை. என் கடைக்குப் பின்னாலேயே வந்து பிடித்துக்கொண்டார். "அது என்னம்மா வார்த்தை சொன்னீங்க? மலாய்ல சொல்ற மாதிரி ஜினாக், சாதுவா ஆயிருச்சுன்னா? நாய், மாடு மாதிரி?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூவருக்கும் பால் போட்ட தே ஊற்றினேன். கௌசிகா உட்கார்ந்தாள். அவசரப்படாமல் பேசினாள், அதைச் சொல்ல வேண்டும்.

"ஜினாக் வேற அங்கிள். மாட்டை மனுசன் தலைமுறை தலைமுறையா வளர்த்து மாத்தி வச்சிருக்கான். இது அப்பிடி இல்ல. ஹாபிச்சுவேட் எண்டால், ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்து, அதால ஒரு கெடுதலும் வராட்டி, உடம்பு அதைக் கவனிக்கிறதை விட்டுடும். உங்க வீடு ஜெலாப்பாங் எண்டு கமிட்டியில சொன்னாங்க, அங்க பக்கத்துல ஃபேக்டரி இருக்குத்தானே? ராத்திரி அந்த மெஷின் சத்தத்துல எப்பிடித் தூங்கிறீங்க?"

"எந்தச் சத்தம்?" என்றார் அண்ணன்.

"அதுதான் அங்கிள் அது."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"இதுகளுக்கு மனுசன் எண்டாப் பயம் இருந்தது. நீங்க ஒவ்வொரு நாளும் வந்தீங்க, ஒண்டும் செய்யேல்ல. பயம் தேஞ்சு தேஞ்சு இல்லாமப் போச்சு. பயம் போன மிருகம்தான் பிஸ்கட்டுக்குப் பிள்ளையைக் கடிக்கும். பயந்த மிருகம் கிட்டவே வராது, விளங்குதா?"

"பயம் போயிருச்சுங்கறீங்க. பாசம் வந்துருச்சுன்னு சொல்லமாட்டீங்க?"

அவள் தேயை ஒரு வாய் குடித்தாள். "பயம் போறது வேற, பாசம் வாறது வேற. அந்தச் சொல்லுக்குள்ள பாசம் இல்ல அங்கிள்."

"அப்ப அந்தச் சொல்லுக்குள்ள என்னதான் இருக்கு?" அண்ணனின் குரல் உயர்ந்தது. படித்த பெண்ணிடம் அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

அவளும் சளைக்கவில்லை. கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அது லத்தீன்காரனிடமிருந்து வந்ததாம். அவனுக்கு 'ஹபேரே' என்றால் வைத்திருப்பது, பிடித்திருப்பது. ஒருவன் தன்னை எப்படி வைத்துக்கொள்கிறான், நிற்கிறான், உடுத்துகிறான், அதெல்லாம் 'ஹாபிட்டுஸ்'. கிறிஸ்தவச் சாமியார் போடுகிற அங்கிக்குக்கூட இங்கிலீஷில் 'ஹாபிட்' என்று அதே சொல்தானாம். அப்படியொரு நிலைக்கு ஒருவனைக் கொண்டுவருவதுதான் ஹாபிச்சுவேட். நாமோ பழக்குவது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்களையும் அப்படித்தாம்மா பழக்குனாங்க" என்றார். "தோட்டத்துல தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுத் தட்டுவான். கண்ணு தெறக்குமுன்ன கால் தரையில இருக்கும். தோட்டம் விக்கிறதுன்னு சொல்லி, மரமெல்லாம் கணக்கு முடிச்சு, நாளைலேருந்து வேலை இல்லன்னு சொல்லியாச்சு. மறுநாள் காலைல பாத்தா பெரட்டுக் களத்துல எல்லாரும் உளியோட நிக்கிறோம். யாரும் கூப்பிடல. ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துட்டுத் திரும்பிப் போனோம்."

"அது வேற அங்கிள், அதுக்கு வேற சொல் இருக்கு. சத்தத்துக்கு வேலை செய்யப் பழகிறது. உங்க வாளிச் சத்தமும் அந்த வகைதான்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றார் அண்ணன்.

அவள் இரண்டும் ஒன்றல்ல என்று மறுபடி ஆரம்பித்தாள். நான் குறுக்கே விழுந்தேன். "யம்மா, சொல்லு கெடக்கட்டும். சாகாம இருக்க ஒரு வழி இருக்கா, இல்லையா? அதச் சொல்லு."

அவள் மலையைப் பார்த்தாள். வழி ஒன்று இருக்கிறது என்றாள். கூண்டு வைக்கிறதைத் தள்ளிப்போடச் சொல்லிப் பெரிய ஆபீசில் கேட்கலாம். அதற்குள் குரங்குகள் படிக்கட்டில் இறங்காமல் இருக்க வேண்டும். பழம் போடுவதை நிறுத்தினால் மட்டும் போதாது, பசியில் இன்னும் மூர்க்கமாகும். மனிதன் என்றால் கெடுதல் என்று அவற்றுக்கு மறுபடி தெரிய வேண்டும்.

"நாங்க வந்து விரட்டினால் எங்கட சீருடைக்குத்தான் பயப்படும். நாங்க போனதும் இறங்கும். எல்லாரையும் விட அதுகள் நம்புறது உங்களை. நீங்கதான் அங்கிள் செய்ய வேணும். வாளியைத் தட்டிக் கூப்பிட்டு, வந்த பிறகு விரட்ட வேணும். அடிக்க வேண்டாம், பக்கத்துல விழுற மாதிரிக் கல் எறிஞ்சாப் போதும், விளங்குதா?"

"கூப்பிட்டுட்டு எறியணுமா?"

"ஓம் அங்கிள், அப்பிடித்தான்."

அண்ணன் எழுந்து போய்விட்டார். தேயைத் தொடவில்லை. "நீ மனுசியாம்மா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். கோபத்தில் வாய் சும்மா இருக்குமா? அவள் கண் கலங்கியது. "ஊசி போடப்போறது நான்தான் அக்கா" என்றாள்.

அடுத்த நாள் உச்சிப் பூசை முடிந்தது. கோவில் வாசலைக் கமிட்டி அந்த நேரத்துக்கு அடைத்துவிட்டது. அண்ணன் வாளியோடு வந்து நின்றார். வாளியில் பழம் இல்லை, மலைச் சரிவில் பொறுக்கிய கல். முகத்தைச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எதற்கென்று எனக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை. இரண்டு தட்டுத் தட்டினார்.

இறங்கி வந்தன. கங்காணி முன்னால் உட்கார்ந்து எப்போதும்போல் ஒரு குட்டியை அறைந்தது. அண்ணன் முதல் கல்லை எறிந்தார். எல்லாம் சிதறி ஓடி, பத்தடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தன. மறுபடி வந்தன. தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்தன போலும். இன்னொரு கல். "போ! போடா!" என்று கத்தினார். கங்காணி பல்லைக் காட்டிவிட்டு ஏறியது. ஒவ்வொன்றாக ஏறின.

செல்லாயி போகவில்லை. அது எப்போதும் அவருடைய காலடியில்தான் உட்காரும். அன்றைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டார். எறியவில்லை, போட்டார். அது அந்த மூன்று விரல் கையால் கல்லை எடுத்து மோந்து பார்த்து, வாயில் வைத்துக் கடித்தது.

நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். செல்லாயி கல்லைக் கீழே வைத்துவிட்டு அவருடைய சட்டைப் பையை இழுத்துப் பார்த்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். எழுந்தார். வாளியிலிருந்து ஒரு கல்லை எடுத்து, இந்த முறை பக்கத்தில் எறியவில்லை. தொடையில் விழுந்தது. அது கத்தின சத்தம் குகைக்குள் போய்த் திரும்பி வந்தது. மூன்று படி ஏறி நின்று அவரைப் பார்த்தது. "போயிருடி! போ!" என்று அவர் இன்னொரு கல்லை ஓங்கினார். நொண்டிக்கொண்டே மேலே போனது.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். ஆண்பிள்ளை அழுகிறாரே என்று யாரும் பக்கத்தில் போகவில்லை. நான் போனேன். "வேணாம்ணே, நாளைக்கு வேணாம்" என்றேன். "நாளைக்கு விட்டா இன்னிக்கி அடிச்சது வீண் துளசி" என்றார்.

தினமும் வந்தார். தினமும் தட்டினார். முதல் வாரம் முழுக்கவும் இறங்கின. செல்லாயி மட்டும் தூரத்தில் நின்று பார்க்கும். பிறகு இறங்குகிறவை குறைந்தன. ஒரு நாள் வாளியைத் தட்டினார், மேலே கிளைகள் ஆடின, மலைக்குப் பின்பக்கம் போகிற சத்தம் மட்டும் கேட்டது. கௌசிகா வந்து புதரில் ஒளிந்து நின்று பார்த்தாள். படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்பினாள். வேறு யாரும் பழம் போடாமல் இருக்கிறார்களா என்று கோவிலுக்கு வருகிறவர்களை நானே காவல் காத்தேன். புண்ணியம் தேடி வந்த ஒரு அம்மாளிடம் வாழைச் சீப்பைப் பிடுங்கி வைத்துச் சண்டையும் போட்டேன்.

கூண்டு வேண்டாம் என்று முடிவானது. கௌசிகா அண்ணனின் கையைப் பிடித்துச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். சந்தோஷமா என்று அவள் கேட்டதும் வாசலைக் கூட்டப் போய்விட்டார். உச்சிப் பூசை முடிந்ததும் என் கடையில் வந்து உட்காருவார். கைக்கு வேலை வேண்டுமே என்று பூக்கட்டச் சொல்லிக் கொடுத்தேன். கண்றாவியாகக் கட்டுவார். அவிழ்த்து நான் மறுபடி கட்டுவேன்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு மத்தியானம் குகையின் பின்பக்கம் சாக்கடை அடைத்துக்கொண்டது. அண்ணன் மண்வெட்டியோடு போனார். நான் தண்ணீர் வாளியோடு பின்னால் போனேன். திருப்பத்தில், எங்களுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் செல்லாயி. வயிற்றில் ஒரு புதுக் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் அசையவில்லை. கையில் மண்வெட்டி அப்படியே நின்றது. அது அவர் முகத்தைப் பார்த்தது. ஒரு கணம்தான். ஆளைத் தெரிந்துகொண்டது. வாயைத் திறந்து வீறிட்டுக் கத்தி, குட்டியை அணைத்துக்கொண்டு பாறைமேல் பாய்ந்தது. அதன் கத்தலைக் கேட்டு மேலே இருந்த மொத்தக் கூட்டமும் கத்திக்கொண்டு ஓடியது. எங்கோ உச்சிவரைக்கும் கிளை முறிகிற சத்தம்.

நான் அண்ணனைப் பார்க்கப் பயந்துகொண்டு தலையைக் குனிந்து நின்றேன். அவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"என்னப் பாத்துத்தான் ஓடுது, பாத்தியா?" என்றார். "நல்லா ஓடுது துளசி. குட்டிக்கும் சொல்லிக் குடுத்துரும்."